நாராள் வாய் திறக்காத நாள்

எங்கள் ஊர் மக்னாயீமில் நாராளைப் போலப் பேசுகிறவள் அந்தக் காலத்தில் வேறு யாரும் இல்லை. கிணற்றடியில் அவள் ஒரு பேச்சை எடுத்தால், பின்னால் வந்தவள் தண்ணீர் மொண்டு வீட்டில் ஊற்றிவிட்டுத் திரும்பி வந்தாலும் அது முடிந்திருக்காது. அப்படிப்பட்டவள் இரண்டு தடவை வாயை மூடினாள். முதல் தடவையை ஊரே நின்று பார்த்தது. இரண்டாவதைப் பார்த்தவர்கள் இல்லை. அதனால்தான் இன்றைக்கும் ஆளுக்கொரு விதமாக அளக்கிறார்கள். அவள் கல்நெஞ்சக்காரி என்கிறார்கள், பயந்தாங்கொள்ளி என்கிறார்கள். சொல்லிக்கொண்டு போகட்டும். நடந்தது இதுதான்.

அவள் பிறந்தது வடக்கே பிசின் மரங்கள் நிற்கும் சரிவில். அவள் அப்பா பட்டையைக் கீறிப் பிசின் எடுக்கிறவர். வெட்டுக்காயத்தில் அதைத் தடவிக் கட்டினால் ரத்தம் நிற்கும் என்று நடக்கப் பழகும்போதே தெரிந்துகொண்டவள். அவளை எங்கள் ஊர் வாசல்காரன் அசூபுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கோட்டை வாசலைத் திறப்பதும் சாத்துவதும் அவன் வேலை. உள்கதவு, வெளிக்கதவு, நடுவில் ஊர்ப்பெரியவர்கள் உட்காரும் கல்மேடை. அங்கிருந்து ஏறும் படி நேராக அவர்கள் வீட்டுக்குப் போகும். வீடென்றால் வாசலுக்கு மேலே இருந்த ஒற்றை அறைதான். சாயங்காலம் அசூப் தாழ்க்கட்டையைத் தள்ளினால் அவள் அடுப்பு அதிரும்.

அசூப் நல்லவன். ஆனால் அவனோடு குடித்தனம் பண்ணுவது லேசில்லை. ஆமாம் என்றால் ஆமாம், இல்லை என்றால் இல்லை. குழம்பு நன்றாக இல்லையென்றால் விருந்தாளி முன்னாலேயே சொல்வான். "பொண்டாட்டி மனசு நோகாம ஒரு பொய் சொன்னா வாசல் இடிஞ்சா விழும்?" என்று அவள் கேட்பாள். "நல்லா இல்லாததை நல்லா இருக்குன்னு எப்படிச் சொல்றது?" என்பான். அவனுக்கு அது உண்மையிலேயே விளங்காது.

அவர்களுக்கு ஒரே மகன், இத்ரான். மீசை அரும்பியதும் தறுதலையாகிவிட்டான். அறுவடைத் திருவிழாவுக்கு வைத்திருந்த திராட்சரசத்தைக் கூட்டாளிகளோடு குடித்துத் தீர்த்தான். பெரியவர் ஏபேருடைய பேரன் மண்டையை உடைத்தான். கேட்கப் போன அப்பாவின் மேலேயே ஒருநாள் கையை ஓங்கினான். அடிக்கவில்லை, ஓங்கினான். அசூபுக்கு அது போதும்.

அடங்காத பிள்ளைக்கு எங்களிடம் ஒரு சட்டம் உண்டு. பெற்ற தகப்பனும் தாயும் அவனை வாசலுக்குக் கொண்டுவந்து, பெரியவர்கள் முன்னால், "இவன் எங்கள் சொல் கேட்பதில்லை" என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் ஊரார் கல்லெறிந்து கொல்வார்கள். இரண்டு பேரும் சொல்ல வேண்டும். தகப்பன் வாய் மட்டும் செல்லாது.

அசூப் மகனைக் காதைப் பிடித்துப் படியிறக்கிக் கொண்டுவந்து நிறுத்தினான். சொல்ல வேண்டியதைச் சொன்னான். குரல் நடுங்கவில்லை. சிலர் கையில் கல்லோடு வந்துவிட்டார்கள். ஏபேர் நாராள் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லும்மா. உன் புருஷன் சொல்றது நெஜமா?"

அவள் பேசவில்லை.

"ஆமான்னாலும் சொல்லு, இல்லைன்னாலும் சொல்லு. வெயில் ஏறுது."

இல்லை என்றால் அது பொய், புருஷன் பொய்யனாவான். ஆமாம் என்றால் பிள்ளை போய்விடும். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கெஞ்சிக் கேட்டார்கள், அதட்டிக் கேட்டார்கள். உச்சிவெயில் வந்தது. கல்லோடு வந்தவர்கள் கை வலித்துக் கல்லைக் கீழே போட்டார்கள். கடைசியில் ஏபேர் எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டார். "வாசலுக்குப் பூட்டு புருஷன்கிட்ட, வாய்க்குப் பூட்டு பொண்டாட்டிகிட்ட. நல்ல குடும்பம்," என்று சொல்லிவிட்டுப் போனார். ஊர் சிரித்தது. பையன் பிழைத்தான்.

பிழைத்தவன் வீட்டில் தங்கவில்லை. அப்போது ராஜாவின் மகன் தெற்கே தகப்பனுக்கு எதிராக ஆள் சேர்த்துக்கொண்டிருந்தான். அழகன், பேச்சுக்காரன், யாரைக் கண்டாலும் கட்டிப்பிடித்து முத்தமிடுவான் என்று கேள்வி. அப்பன்மேல் கோபமிருந்த பையன்களெல்லாம் அவனிடம் ஓடினார்கள். இத்ரானும் ஓடினான். அசூப் மகன் பேரை எடுப்பதை விட்டான். "பெத்த பிள்ளையை அடக்கத் தெரியாதவர் நாட்டை எப்படி அடக்குவாரு?" என்று ராஜாவைப் பற்றிச் சொல்வான். நாராள், "நீங்க அடக்கின லட்சணம்தான் தெரியுதே," என்பாள். வீட்டில் அதற்குமேல் பேச்சு நடக்காது.

பிறகு அந்த ராஜாவே தலைநகரை மகனிடம் விட்டுவிட்டு, ஆற்றைக் கடந்து எங்கள் ஊருக்கு ஓடிவந்தார். ஊர் அவருக்குக் கதவைத் திறந்தது. மொச்சையும் வறுத்த கோதுமையும் தேனும் வெண்ணெயும் வண்டி வண்டியாக வந்தன. மகனும் பின்னாலேயே பெரும்படையோடு ஆற்றைத் தாண்டி வந்து காட்டோரம் இறங்கினான்.

சண்டை நடந்த நாள் விடிகிற நேரத்தில், நாராளின் தம்பி ஏசேர் படைக்கு மொச்சை மூட்டைகளோடு வந்தான். அசூப் வெளிக்கதவில் கிளம்பும் படைக்கு வழி விட்டுக்கொண்டிருந்தான். ஏசேர் ஒரு மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு நேராக அக்கா வீட்டுப் படியேறினான்.

"சத்தம் போடாதே அக்கா," என்றான். "உன் மகன்தான்."

முந்தின நாள் காட்டோரம் வேவு பார்க்க வந்த இடத்தில் ராஜாவின் ஆட்களிடம் மாட்டி, இத்ரான் தொடையில் வெட்டு வாங்கியிருந்தான். ஊர்ந்தே மாமன் ஏசேரின் தொழுவத்துக்கு வந்து விழுந்திருந்தான். காட்டோரத் தொழுவங்களையெல்லாம் தேடுகிறார்கள் என்று ஏசேர் அவனை மூட்டையில் கட்டி இங்கே கொண்டுவந்துவிட்டான். நாராள் அழவில்லை, திட்டினாள். "எருமை. இதுக்கா உன்னைப் பொத்திப் பொத்தி வெச்சேன்?" திட்டிக்கொண்டே பிசின் தடவி இறுக்கிக் கட்டினாள். ரத்தம் நின்றது. அறையின் கோடியில் தானியச் சால்கள் இருந்தன, அவற்றுக்கு முன்னால் ஆட்டுமயிர்த் திரை தொங்கியது. திரைக்குப் பின்னால் அவனைப் படுக்கவைத்தாள்.

"கீழே நிக்கிற மாமாகிட்ட சொல்ல வேண்டாமா?" என்று ஏசேர் கேட்டான்.

"உன் மாமாவுக்குப் பொய் சொல்ல வராது. எவனாவது கேட்டா, மேலே இருக்கான்னு சொல்லிடுவாரு. நீ பொழுது சாயறப்போ கழுதையோட வா. நம்ம சரிவுக்குக் கொண்டுபோயிடலாம்."

ராஜாவைச் சண்டைக்கு வரவேண்டாம் என்று படை தடுத்துவிட்டது. அவர் இரண்டு கதவுகளுக்கும் நடுவில், நாராள் வீட்டுப் படிக்குக் கீழேயே உட்கார்ந்திருந்தார். அசூபால் வாசலைவிட்டு நகர முடியவில்லை. நாராளுக்கு அது நல்லதாகப் போயிற்று.

பிற்பகலில் ஓட்டக்காரர்கள் செய்தியோடு வந்தார்கள். "ஜெயித்தோம்" என்று கீழே கூச்சல் எழும்பியது. தூக்கத்தில் இருந்த இத்ரான் தன்னைப் பிடிக்க வருகிறார்கள் என்று திடுக்கிட்டு எழுந்து நிற்கப் பார்த்தான். கட்டு அவிழ்ந்தது, காயம் பிளந்தது. இதோடு பார்த்தால் நாராள் காலையில் பார்த்த ரத்தம் ஒன்றுமில்லை. முந்தானையைத் திணித்து அழுத்தினாள். பிசின் குடுவை எதிர்ப்பக்கம் ஜன்னல் மாடத்தில் இருந்தது. அதை எடுக்கத் திரையை விலக்கியபோது படியில் காலடிச் சத்தம் கேட்டது. சட்டென்று பின்வாங்கித் திரையை இழுத்து மூடிக்கொண்டாள்.

வந்தவர் ராஜா. தனியாக வந்தார். மேலங்கியை இழுத்து முகத்தை மூடியிருந்ததால் கதவு நிலையில் முட்டிக்கொண்டார். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்க்கவே இல்லை. நேரே ஜன்னலுக்கடியில், நாராளின் பாயில் விழுந்தார். விழுந்து அழ ஆரம்பித்தார்.

நாராள் எத்தனையோ சாவு பார்த்தவள். ஒரு ஆண்பிள்ளை அப்படி அழுது அவள் கேட்டதில்லை. முதலில் சண்டையில் செத்துப்போன தன் மகனின் பேரைச் சொல்லிச் சொல்லிக் கத்தினார். பிறகு பேர் போய்விட்டது, வெறும் "மகனே, என் மகனே" மட்டும் நின்றது. "என்னை எடுத்திருக்கக் கூடாதா, கிழவன் என்னை எடுத்திருக்கக் கூடாதா," என்று சுவரில் தலையை மோதினார். அவர் தலைக்கு மேலே மாடத்தில் குடுவை ஆடிற்று.

நாலு எட்டு வைத்தால் எடுக்கலாம், அவ்வளவு கிட்டத்தில் இருந்தது. வெளியே போய்க் காலில் விழுந்துவிடலாமா என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. என்னவென்று சொல்வது? உங்கள் மகனைக் கெடுத்த கூட்டத்தில் என் மகனும் ஒருவன், அவனுக்கு மருந்து போடக் கொஞ்சம் நகருங்கள் என்றா? இந்த மாதிரிப் பயல்கள் கூடித்தானே அந்தப் பிள்ளையைச் சாவுவரை இழுத்துக்கொண்டு போனார்கள். படிக்குக் கீழே வாளோடு காவலாட்கள் நிற்கிறார்கள். ராஜா ஒரு சத்தம் கொடுத்தால் போதும். வாயை மூடிக்கொண்டிருந்தால் பிள்ளை பிழைப்பான் என்பதை அவள் ஒரு தடவை பார்த்திருந்தாள். அழுது ஓய்ந்து இறங்கிப் போய்விடுவார், அதுவரை அழுத்திப் பிடித்தால் போதும் என்று நினைத்தாள். இரண்டு கையாலும் அழுத்தினாள்.

அவர் ஓயவில்லை. கொஞ்சம் அடங்கும், அவள் மூச்சு விடுவாள், மறுபடியும் ஆரம்பிப்பார். முந்தானை நனைந்து விரல் வழியாகச் சூடாக வழிந்தது.

இத்ரான் கண்ணைத் திறந்தான். அவள் காதைத் தன் உதட்டருகே இழுத்தான்.

"அம்மா, அப்பாவா அழறாரு?"

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. வெளியே, "மகனே, என் மகனே," என்று குரல் மறுபடி எழும்பியது.

"ம்," என்றாள்.

"எனக்காகவா?"

"உனக்காகத்தான் கண்ணு. பேசாதே."

"அவரு அழுது நான் பார்த்ததே இல்லை."

"நானுந்தான்."

அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. சின்ன வயதில் அடி வாங்கிய பிறகு சமாதானமானால் அப்படித்தான் சிரிப்பான். "நான் வந்துட்டேன்னு அவருகிட்ட சொல்லும்மா. பாவம், தொண்டை கட்டிடப் போகுது."

"சொல்றேன். நீ தூங்கு."

பெற்றவள் வாயிலிருந்து வந்தது பச்சைப் பொய். பொய்யென்று தெரிந்துதான் சொன்னாள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ராஜாவின் அழுகையைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தான். அவள் அழுத்திக்கொண்டே இருந்தாள். கை மரத்துப் போனது. எப்போது வழிவது நின்றது என்று அவளுக்குத் தெரியாது. நின்றிருப்பதைக் கண்டதும் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டாள் பாவி, கட்டுப்பட்டுவிட்டது என்று.

அப்போதுதான் படியில் கனத்த காலடி கேட்டது. படைத்தலைவர் உள்ளே வந்தார்.

"போதும், எழுந்திருங்க," என்றார். "ஜெயிச்சு வந்த பசங்க திருடனுங்க மாதிரி சுவரோரமா ஊருக்குள்ளே நுழையறானுங்க. வெட்டுப்பட்டு வந்தவனை வான்னு கூப்பிட ஆளில்லை. நீங்க கீழே வந்து உட்காரலைன்னா, விடியறப்போ உங்களோட உங்க கைத்தடிதான் மிஞ்சும்."

"நீதானே அவனைக் கொன்னே?"

"நான்தான்."

"நான் என்ன சொல்லி அனுப்பினேன்? பிள்ளைமேல கை வைக்காதீங்கன்னு எல்லார் காதும் கேக்கத்தானே சொன்னேன்? எனக்கு எதிரா நின்னாலும் பிள்ளை பிள்ளைதானேடா."

"சொன்னீங்க. நீங்க தகப்பனாப் பேசினீங்க. எனக்குப் படையைக் காப்பாத்தணும்."

நாராள் திரைப்பக்கம் திரும்பினாள். எதிர்த்து வந்த மகனைக்கூட விட்டுவிடச் சொன்ன மனுஷனா இவர்? அப்படியானால் கேட்கலாமே. இப்போதே கேட்கலாம். எழுந்திருக்கப் போனவள் மகன் முகத்தைப் பார்த்தாள். கண் பாதி திறந்திருந்தது. மூக்கருகே கையை வைத்தாள். கன்னத்தைத் தட்டினாள். ராஜா படியிறங்கும் சத்தம் கேட்டது. அவள் திரையைத் தள்ளிக்கொண்டு ஓடிப்போய்க் குடுவையை எடுத்துவந்து, மொத்தப் பிசினையும் அந்தக் காயத்தில் கொட்டித் தடவினாள். உதவாது என்று அவளைவிடத் தெரிந்தவர்கள் ஊரில் இல்லை.

ராஜா உட்கார முக்காலி எடுக்க அசூப் மேலே வந்தான். திரை விலகியிருந்தது. மகனைக் கண்டான்.

"எப்போ வந்தான்?"

"காலையில."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா?"

"நானா கொன்னுடப் போறேன்?"

"போன தடவை கொல்லத்தானே கூட்டிட்டுப் போனீங்க?"

அசூப் மகன் பக்கத்தில் முழங்கால் போட்டான். முடியை ஒதுக்கிவிட்டான். "என்னைப் பத்தி ஏதாவது கேட்டானா?"

"நீங்க அழறீங்கன்னு நெனச்சுக்கிட்டான். ராஜா அழுத குரலை உங்க குரல்னு. அப்பா எனக்காகவா அழறாருன்னு கேட்டான், ஆமான்னேன். சிரிச்சான்."

அசூப் வாயை மூடிக்கொண்டு தொண்டைக்குள் ஏதோ ஒரு சத்தம் போட்டான். கீழேயிருந்து, "முக்காலி எங்கேய்யா?" என்று கூப்பிட்டார்கள். அதை எடுத்துப்போய் வைத்துவிட்டு உடனே திரும்பி வந்தான். எங்கள் ஊரில் பிணத்தோடு இரவு தங்குவதில்லை. வாசல் சாத்துவதற்குள் கொண்டுபோக வேண்டும்.

"கூட்டம் கலையட்டுங்க," என்றாள் நாராள். "அந்தப் பக்கம் போனவன்னு குழியில போட்டுக் கல்லைக் குவிச்சிடுவாங்க."

"ஒளிச்சு வெச்சது போதும்," என்று சொல்லி அவன் மகனைத் தோளில் தூக்கினான்.

கீழே ராஜா முகம் கழுவி முக்காலியில் உட்கார்ந்திருந்தார். படையாட்கள் வரிசையாக வந்து வணங்கிவிட்டுப் போனார்கள். படியிறங்கி வந்தவனைப் பார்த்து ஏபேர் எழுந்தார்.

"யாரு அசூப் அது?"

"என் மகன்."

"அந்தப் பக்கம் ஓடினவனா?"

"ஓடினவன்தான். என் மகன்."

வரிசையில் முணுமுணுப்புக் கிளம்பியது. ஒருவன் காறித் துப்பினான். ராஜா கையை உயர்த்தினார். "எங்கே செத்தான்?" என்று கேட்டார். அசூப் மகனைத் தோளில் மாற்றிப் பிடித்தான். அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து நாராள் சொன்னாள்.

"மேலேதான். திரைக்குப் பின்னால."

"நான் இருந்தப்பவா?"

"ஆமா. ரத்தம் நிக்கலை. மருந்து உங்க பக்கத்துல இருந்துச்சு."

ராஜா அவளைப் பார்த்தார். அவர் கண் அழுது அழுது வீங்கியிருந்தது. "ஏம்மா," என்றார், மெதுவாக. "ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நானே எடுத்து, என் கையாலேயே கட்டியிருப்பேனே."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். படைத்தலைவர் தொண்டையைச் செருமினார். ராஜா முகத்தைத் துடைத்துக்கொண்டு வரிசையில் அடுத்தவன் பக்கம் திரும்பினார். அவர்களை யாரும் தடுக்கவில்லை.

வெளியே ஏசேர் கழுதையோடு நின்றான். அவனுக்கு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பையனைக் கழுதைமேல் கிடத்தி, பிசின் மரச் சரிவுக்கு நடந்தார்கள். ஏசேர் முன்னால் போனான். நாராள் புருஷனுக்குப் பக்கத்தில் நடந்தாள். பாதி வழி தாண்டியதும் கேட்டாள்.

"நெஜமாவே கட்டியிருப்பாருங்களா?"

அசூப் நடப்பதை நிறுத்தவில்லை. அவன் ராஜாவின் முகத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தவன்.

"மாட்டாரு," என்றான். "சும்மா வாய் வார்த்தைக்குச் சொல்றாரு. ஆளுங்களைக் கூப்பிட்டு அங்கேயே வெட்டச் சொல்லியிருப்பாரு. நீ பேசாம இருந்ததுதான் சரி."

நாராள் தலையை ஆட்டினாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் பொய் சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. அவன் கையைப் பிடித்துக்கொண்டு மேடேறினாள்.